பெல்ஜியப் படங்களில் பெண்கள் ஏன் பேசுவதில்லை?

"ழான் தீல்மான், ரொசெட்டா, ஜூலி கீப்ஸ் கொயட் என்று மூன்று பெல்ஜியப் படங்கள் பார்த்தேன். மூன்றிலும் நாயகி அநேகமாக வாயே திறக்கவில்லை. அந்த ஊர்ப் பெண்களே அப்படியா, இல்லை இயக்குநர்களுக்கு வசனம் எழுத வரவில்லையா? அடுத்து எதைப் பார்க்கலாம்?" என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் கவனித்தது சரிதான். பல வருடங்களாக இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். எனக்குத் தெரிந்த விடையைச் சொல்கிறேன். அந்தப் பெண்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வாயைத் திறந்தால் எதை இழக்க வேண்டியிருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வேலை போகலாம், அண்ணன் அடி வாங்கலாம், விசா கிடைக்காமல் போகலாம், உயிரே போகலாம். பெல்ஜிய சினிமாவின் நல்ல படங்கள் ஒரு பெண் பேசுவதற்குக் கொடுக்கும் விலையைக் கணக்கு வைத்துப் பார்க்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் மூன்றே கால் மணி நேரப் படத்தில்கூட அலுப்பு தட்டாது.

பின்னணி ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜிய சினிமா என்று ஒரே சினிமா கிடையாது. தெற்கே வலோனியாவும் தலைநகர் பிரஸ்ஸல்ஸும் சேர்ந்து பிரெஞ்சு மொழிப் படங்களை எடுக்கின்றன. வடக்கே ஃபிளாண்டர்ஸ் டச்சு மொழியில் எடுக்கிறது. படத்துக்கு நிதி தரும் அரசு அமைப்புகள் தனித்தனி. விருதுகளும் தனித்தனி: தெற்கே மக்ரித், வடக்கே என்சோர். இரண்டு பக்கமும் சந்தை சிறியது. பெரிய செட் போட்டுப் பெரிய நட்சத்திரத்தை வைத்து எடுத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே ஒரு முகம், ஒரு வீடு, ஒரு தெரு, அவ்வளவை வைத்துக்கொண்டு ஆழமாகப் போகப் பழகிவிட்டார்கள். அந்த முகம் பெரும்பாலும் ஒரு பெண்ணுடையதாகவோ சிறுமியுடையதாகவோ இருப்பதற்கு வழி போட்டவர் 'ழான் தீல்மா'னை இயக்கிய ஷந்தால் அக்கெர்மான்.

அவர் 1950இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பம். அம்மா நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர், அங்கே பட்டதை வீட்டில் அநேகமாகப் பேசாதவர். அந்தப் பேசாத அம்மாவைச் சுற்றித்தான் மகளின் சினிமா கடைசிவரை சுழன்றது. 15 வயதில் பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு இயக்குநராவது என்று முடிவு செய்தார். பிரஸ்ஸல்ஸில் உள்ள இன்சாஸ் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்து சில மாதங்களிலேயே வெளியே வந்தார். 1968இல், 18 வயதில், 'சோத் மா வீல்' என்ற 13 நிமிடக் குறும்படத்தைத் தானே நடித்து எடுத்தார். ஒரு பெண் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தபடி தன் அடுக்குமாடி வீட்டுக்கு வருகிறாள். சமைத்துச் சாப்பிடுகிறாள். கதவிடுக்கில் டேப் ஒட்டுகிறாள். பாத்திரங்களைத் தரையில் தள்ளுகிறாள். ஷூவுக்குப் பாலிஷ் போடும்போதே காலிலும் சேர்த்துத் தேய்க்கிறாள். கடைசியில் கேஸைத் திறந்துவிட்டு அடுப்பின் மேல் சாய்கிறாள். திரை இருண்டபின் வெடிச்சத்தம் கேட்கிறது. படம் முழுக்க வசனம் இல்லை, அந்த முணுமுணுப்பு மட்டும்தான்.

ஏழு வருடம் கழித்து, 1975இல், அதே சமையலறைக்கு அவர் திரும்பி வந்தார். 'ழான் தீல்மான், 23 கே து கொமேர்ஸ், 1080 புரூசெல்' என்று ஒரு வீட்டு முகவரியையே தலைப்பாக வைத்த படம். கணவனை இழந்த ஒரு பெண், பள்ளிக்குப் போகும் மகன், மூன்று நாட்கள். காலையில் எழுகிறாள், மகனின் ஷூவைத் துடைக்கிறாள், காபி போடுகிறாள், கடைக்குப் போகிறாள், உருளைக்கிழங்கை வேகப் போடுகிறாள். பிற்பகலில் ஓர் ஆண் வருவான். அவன் கொடுக்கும் பணத்தைச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பீங்கான் சூப் சட்டிக்குள் போட்டு மூடி வைப்பாள். குளிப்பாள், குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவாள். ஓர் அறையை விட்டுப் போகும்போதெல்லாம் மறக்காமல் விளக்கை அணைப்பாள்.

கேமரா அசையாது. குளோசப் கிடையாது. அவள் உயரத்துக்கு நேரே நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். முதல் நாளில் அவள் எதை எந்த வரிசையில் செய்கிறாள் என்பது நமக்கு மனப்பாடமாகிவிடும். அதனால்தான் இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அடிபிடித்துப் போகும்போது நமக்குத் திக்கென்கிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அறை அறையாக அலைகிறாள். சூப் சட்டிக்கு மூடி போட மறந்துவிடுகிறாள். தலைமுடி கலைந்திருக்கிறதே என்று மகன் கேட்கிறான். யாரும் அழவில்லை, கத்தவில்லை, எதையும் விளக்கவில்லை. ஆனால் இந்த வீட்டில் ஏதோ உடைந்துவிட்டது என்று நமக்கு உறுதியாகத் தெரிகிறது. மூன்றாம் நாள் காபி ருசி சரியில்லை என்று கொட்டிவிட்டு மறுபடி போடுவாள், பாருங்கள், அந்தக் காட்சியை நான் பயத்தோடுதான் பார்த்தேன். அதற்கப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

இதில் நடித்த தெல்ஃபின் செய்ரிக் அன்றைக்குப் பிரெஞ்சு சினிமாவின் பெரிய நட்சத்திரம். நான்கு வருடம் முன்னால், 1971இல், ஹாரி கூமெல் என்ற பெல்ஜிய இயக்குநரின் படம் ஒன்றில் ஒஸ்டெண்ட் கடற்கரை விடுதிக்கு வரும் இரத்தக் காட்டேரிச் சீமாட்டியாக, பளபளக்கும் உடைகளில் நடித்தவர். அவரைக் கூப்பிட்டு வந்து உருளைக்கிழங்கு தோல் சீவ வைத்தார் 24 வயது அக்கெர்மான். நமக்கு முன்பின் தெரியாத ஒரு நடிகை நடித்திருந்தால் இது ஏதோ ஆவணப்படம் என்று கடந்து போயிருப்போம். இத்தனை அழகான, பெயர்பெற்ற ஒருத்தி இதைச் செய்வதால்தான் அந்த வேலை கண்ணில் படுகிறது. ஒளிப்பதிவு பாபெத் மாங்கோல்த், படத்தொகுப்பு பத்ரீசியா கனினோ. படக்குழுவில் பெரும்பாலோர் பெண்கள். நடிகர் சாமி ஃப்ரே அந்தப் படப்பிடிப்பை வீடியோவில் பதிவு செய்து வைத்திருக்கிறார். ஒரு சின்ன அசைவைக்கூட எத்தனை வேகத்தில், எந்த மனநிலையில் செய்வது என்று செய்ரிக்கும் அக்கெர்மானும் விடாமல் வாதம் செய்வதை அதில் பார்க்கலாம். 'சும்மா கேமராவை வைத்துவிட்டு எடுத்த படம்' என்று சொல்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது அது.

2022இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் இந்தப் படம் முதலிடம் பிடித்தது. 1952 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்த வாக்கெடுப்பில் ஒரு பெண் இயக்கிய படம் முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உடனே, பெண் என்பதற்காகப் போட்ட ஓட்டு என்று ஒரு கூட்டம் சொன்னது. முதலிடமா முப்பதாம் இடமா என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரு பெண் தினமும் செய்யும் வேலையை, அதற்கு ஆகும் அதே நேரத்தைக் கொடுத்து, வெட்டாமல் காட்டினால் அது ஒரு திகில் படத்தின் இறுக்கத்தோடு இருக்கும் என்று அவருக்கு முன் எவரும் இவ்வளவு துணிச்சலாக நிரூபித்ததில்லை.

அக்கெர்மானின் 'நியூஸ் ஃபிரம் ஹோம்' படத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மகள் நியூயார்க்கில் இருக்கிறாள், அம்மா பிரஸ்ஸல்ஸிலிருந்து கடிதம் மேல் கடிதம் எழுதுகிறார். திரையில் நியூயார்க் தெருக்கள் மட்டும். கடிதங்களை அக்கெர்மானே வாசிக்கிறார். சாப்பிட்டாயா, ஏன் எழுதவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள் என்ற வரிகளைச் சுரங்க ரயில் சத்தம் பாதியில் விழுங்கிவிடுகிறது. கடைசிப் படமான 'நோ ஹோம் மூவி' 2015இல் வந்தது. 2014இல் இறந்துபோன அம்மாவின் கடைசி மாதங்களை அந்தப் பிரஸ்ஸல்ஸ் வீட்டிலேயே பதிவு செய்த படம். அது வந்த சில மாதங்களில், 2015 அக்டோபரில், அக்கெர்மானும் இறந்துபோனார்.

சரி, ரொசெட்டாவுக்கு வருவோம். ழான்-பியேர், லூக் தார்தென் சகோதரர்கள் லியேஜ் நகரை ஒட்டிய செராங்கைச் சுற்றியே படமெடுப்பவர்கள். மியூஸ் ஆற்றங்கரையில் எஃகு ஆலைகளால் வளர்ந்து, ஆலைகள் மூடியதால் நொடித்துப்போன ஊர் அது. 1999இல் வந்த 'ரொசெட்டா'வின் தொடக்கத்திலேயே அவளுக்கு வேலை போய்விடுகிறது. வெள்ளை அங்கியும் தலைவலையுமாக ஆலைக்குள் புயல்போலப் போகிறாள். கேமரா அவள் பிடரியை ஒட்டியே ஓடுகிறது. எதற்கு, எங்கே என்று ஒன்றும் சொல்வதில்லை. அப்புறம் அவள் குடியிருக்கும் கேரவன் முகாமுக்குப் போகிறாள். சாலையைக் கடந்து மரங்களுக்குள் நுழைந்ததும் ஒரு சிமெண்ட் குழாய்க்குள் கையை விட்டு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை எடுக்கிறாள். நல்ல ஷூவைக் கழற்றி அங்கே ஒளித்து வைத்துவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு சேற்றில் நடக்கிறாள். படம் முழுக்க இது திரும்பத் திரும்ப நடக்கும். வேலை தேடப் போகும் ஷூவில் முகாமின் சேறு ஒட்டக் கூடாது என்பதை எவரும் வசனமாகச் சொல்வதில்லை.

வயிற்றுவலி வந்தால் ஹேர் டிரையரின் சூட்டை வயிற்றில் பிடிக்கிறாள். குடிகார அம்மாவோடு மல்லுக்கட்டுகிறாள். வாஃபிள் விற்கும் கடையில் வேலை கிடைப்பதற்காக, தனக்கு உதவிய ஒரே நண்பனைக் காட்டிக் கொடுக்கிறாள். இந்த இடத்தில் தார்தென் சகோதரர்களின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஏழைப் பெண் என்றால் நல்லவளாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அவள் தலையில் அவர்கள் வைக்கவில்லை. இரவில் படுக்கையில் அவள் தனக்குத் தானே பேசிக்கொள்ளும் ஒரு காட்சி உண்டு. உன் பெயர் ரொசெட்டா, என் பெயர் ரொசெட்டா. உனக்கு வேலை கிடைத்துவிட்டது, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. உனக்கு ஒரு நண்பன் இருக்கிறான், எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான் என்று கேள்வியையும் பதிலையும் அவளே சொல்லி, அவளுக்கு அவளே குட் நைட்டும் சொல்லிக்கொள்கிறாள். படத்தில் அவள் மனசு விட்டுப் பேசுவது அந்த ஒரு முறைதான். கேட்பதற்கு அவளைத் தவிர ஆளில்லை.

படம் கான் திரைப்பட விழாவின் தலைமை விருதான தங்கப்பனையை வாங்கியது. அதுவரை சினிமாவில் தலைகாட்டியிராத எமிலி தெகென், 17 வயதில் நடித்த முதல் படத்துக்கே, சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டார். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் பெல்ஜிய அரசு இளைஞர் வேலைச் சட்டம் கொண்டுவந்தது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் உலவுகிறது. 1999 டிசம்பரில் நிறைவேறிய ஒரு சட்டத்துக்கு 'ரொசெட்டா திட்டம்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது உண்மை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 3 சதவீதம் அளவுக்கு இளைஞர்களைச் சேர்க்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆனால் படம் வருவதற்கு முன்பே அது தயாராகிக்கொண்டிருந்தது. தார்தென் சகோதரர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். பெயரைக் கொடுத்தது படம், சட்டத்தைக் கொடுத்தது அரசியல். இருந்தாலும், ஒரு கற்பனைப் பெண்ணின் பெயரைச் சொன்னால் ஒரு நாட்டு மக்களுக்கு வேலையில்லாத இளைஞர்கள் நினைவுக்கு வந்தார்கள் என்பதே பெரிய விஷயம்.

எமிலி தெகென் 2025 மார்ச் 16 அன்று புற்றுநோயால் இறந்தார். வயது 43. அவர் நடித்த இன்னொரு படத்தைப் பிறகு சொல்கிறேன்.

தார்தென்களின் பிற்காலப் படங்களில் நிலைமை தலைகீழாகிறது. இங்கே பெண்களைப் பேசு பேசு என்று நெருக்குகிறார்கள். 2014இல் வந்த 'டூ டேஸ், ஒன் நைட்' படத்தில் சாந்த்ரா (மரியோன் கோத்தியார்) ஒரு சோலார் பேனல் தொழிற்சாலைத் தொழிலாளி. மன அழுத்தத்தால் விடுப்பில் இருந்தவள். அவளை வேலையில் வைத்துக்கொள்வதா, ஆளுக்கு 1,000 யூரோ போனஸ் வாங்கிக்கொள்வதா என்று 16 சக தொழிலாளிகளிடம் நிர்வாகம் ஓட்டு கேட்கிறது. 14 பேர் போனஸ் பக்கம். திங்கட்கிழமை மறுவாக்கெடுப்பு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் வீடு வீடாகப் போய்ப் பெல் அடித்து, அநேகமாக அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்த வாக்கியம் அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போகிறது. பேசுவதே இவ்வளவு பெரிய உடல் உழைப்பாக இருக்கும் என்று இந்தப் படத்தில்தான் புரிந்தது எனக்கு.

2022இல் வந்த 'டோரி அண்ட் லோகிட்டா' இன்னும் கடுமையானது. படம் லோகிட்டாவின் முகத்தில் தொடங்குகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெண். குடியேற்ற அலுவலகத்தில் அதிகாரியின் குரல் மட்டும் கேட்கிறது: டோரி உன் தம்பி என்று எப்படிக் கண்டுபிடித்தாய்? அவள் பதில் சொல்லத் தொடங்கித் தடுமாறி நிற்கிறாள். ரொசெட்டாவின் பேச்சைக் கேட்க ஆளில்லை. லோகிட்டாவின் பேச்சைக் கேட்க ஆள் இருக்கிறது, நம்பத்தான் ஆள் இல்லை. லோகிட்டாவாக நடித்த ஜோலி ம்புண்டுவின் அந்த முகத்தை வைத்தே ஒரு நாட்டின் எல்லை எப்படி வேலை செய்கிறது என்று காட்டிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் சினிமாவுக்கு வெளியே உள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். 1996 ஆகஸ்டில் மார்க் துத்ரூ என்பவன் பெல்ஜியத்தில் கைதானான். சிறுமிகளையும் இளம்பெண்களையும் கடத்தி அடைத்து வைத்துக் கொன்றவன். அவனைவிட அதிகமாக நாட்டை உலுக்கியது பிறகு தெரியவந்த ஒரு விவரம். முந்தைய ஆண்டு அவன் வீட்டைச் சோதனை போட்டபோதே குழந்தைகளின் குரல் கேட்டிருக்கிறது. வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டு போலீஸார் திரும்பிவிட்டார்கள். மறைவறைக்குள் இரண்டு சிறுமிகள் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் பிழைக்கவில்லை. 1996 அக்டோபர் 20 அன்று சுமார் 3 லட்சம் பேர் பிரஸ்ஸல்ஸ் வீதிகளில் வெள்ளை ஊர்வலம் போனார்கள். பெல்ஜியத்தின் மக்கள்தொகை அப்போது ஒரு கோடிதான். குரல் காதில் விழுந்தும் கேட்காமல் போய்விட்டோம் என்ற உறுத்தல், அதற்குப் பின் வளர்ந்து இயக்குநர்களான தலைமுறையின் படங்களில் இருப்பதாக நான் நினைக்கிறேன். இது என் வாசிப்பு. ஆனால் 2000க்குப் பிந்தைய பெல்ஜியப் படங்களில், ஏதோ ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கும் சிறுமியும் அதைக் கவனிக்காத பெரியவர்களும் எத்தனை முறை வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது லோரா வான்டெல் 2021இல் எடுத்த 'பிளேகிரவுண்ட்'. வெறும் 72 நிமிடம். ஏழு வயது நோரா முதல்நாள் பள்ளிக்கு வருகிறாள். அண்ணன் ஆபெலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அங்கிருந்து கடைசி வரைக்கும் கேமரா பள்ளியை விட்டு வெளியே போகாது, நோராவின் உயரத்தை விட்டு மேலே ஏறாது. பெரியவர்கள் இடுப்புகளாகவும் கைகளாகவும் கடந்து போகிறார்கள். யாராவது குனிந்து அவளிடம் பேசினால்தான் அந்த முகம் திரைக்குள் வரும். அவளுக்கு அப்பால் உள்ளதெல்லாம் மங்கல். சத்தம் மட்டும் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. பள்ளி மைதானத்தின் இரைச்சல் அவ்வளவு பயங்கரமானது என்பதை நாம் வளர்ந்ததும் மறந்துவிடுகிறோம்.

அண்ணனை மற்றப் பையன்கள் கொடுமைப்படுத்துவதை நோரா பார்த்துவிடுகிறாள். யாரிடமும் சொல்லாதே என்கிறான் அவன். அவள் சொல்லிவிடுகிறாள். சொன்ன பிறகு நிலைமை சரியாக வேண்டும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இன்னும் மோசமாகிறது. அவனுக்கு அடி கூடுகிறது, அவளுக்குத் தோழிகள் குறைகிறார்கள், மெல்ல அவளுக்கே அண்ணன்மேல் எரிச்சல் வருகிறது. பேசினால் என்ன விலை என்ற கணக்கை ஏழு வயதிலேயே போடக் கற்றுக்கொள்ளும் ஒரு குழந்தையை இவ்வளவு அருகே வைத்துக் காட்டிய வேறு படம் எனக்குத் தெரியாது. நோராவாக நடித்த மாயா வாண்டர்பேக்கின் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவது அப்படியே தெரிகிறது.

டச்சு மொழிப் பக்கம் இதே கேள்வியை வேறு வயதில் கேட்கிறது. நீங்கள் பார்த்த 'ஜூலி கீப்ஸ் கொயட்' (2024, இயக்கம் லியோனார்டோ வான் டைல்) ஒரு டென்னிஸ் அகாடமியில் நடக்கிறது. ஒரு பழைய மாணவியின் தற்கொலைக்குப் பிறகு பயிற்சியாளர் இடைநீக்கம் செய்யப்படுகிறார். தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று எல்லா மாணவர்களிடமும் கேட்கிறார்கள். அவருக்கு மிகவும் வேண்டிய மாணவியான ஜூலி ஒன்றும் சொல்வதில்லை. பயிற்சி, பாடம், பிசியோதெரபி, மறுபடி பயிற்சி. நடித்த டெஸ்ஸா வான் டென் ப்ரூக் உண்மையிலேயே டென்னிஸ் ஆடும் பெண். அதனால் ஒவ்வொரு அடியும் நிஜமாக விழுகிறது. என்ன நடந்தது என்று படம் உடைத்துச் சொல்லவில்லையே என்று உங்களுக்குக் குறையாக இருந்திருக்கலாம். என்னைப் பொறுத்தவரை அதுதான் படத்தின் மரியாதை. எப்போது பேசுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று இயக்குநர் காத்திருக்கிறார், நம்மையும் காக்க வைக்கிறார்.

வீர்லே பாட்டென்ஸ் நடிகையாகப் பெரிய பெயர் எடுத்தவர். 'தி புரோக்கன் சர்க்கிள் பிரேக்டவுன்' படத்துக்காக 2013இல் ஐரோப்பிய திரைப்பட விருது வாங்கினார். அவர் இயக்கிய முதல் படம் 'வென் இட் மெல்ட்ஸ்' (2023). லீசா ஸ்பிட்டின் நாவலை ஒட்டியது. காரில் ஒரு பெரிய பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு தன் பழைய கிராமத்துக்குத் திரும்பும் பெண்ணின் கதை. 13 வயதில் ஒரு கோடையில் அவளுக்கு நடந்ததை யாரும் கேட்கவில்லை. எமானுவேல் நிக்கோவின் 'டால்வா' (2022) பிரெஞ்சுப் பக்கம். 12 வயதுச் சிறுமி. வளர்ந்த பெண்போலக் கொண்டை, லேஸ் உடை, அலங்காரம். அப்பாவிடமிருந்து போலீஸார் அவளைப் பிரித்துக் கூட்டிப் போகிறார்கள். தனக்கு நடந்தது கொடுமை என்று அவளுக்கே தெரியாது. அவளைப் பேச வைப்பதற்கு முன்னால், அவளுடைய வயதை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பெண்களைப் பற்றி ஆண்கள் எடுக்கும் படங்கள் இவற்றிலிருந்து வேறுபடுகின்றனவா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். ஒரே பதில் சொல்ல முடியாது. தார்தென்களின் கேமரா ரொசெட்டாவின் உடம்பை ரசிப்பதற்காக ஒரு நொடிகூட நின்றதில்லை. லூகாஸ் தோன்டின் 'கேர்ள்' (2018) எனக்கு அந்த நம்பிக்கையைத் தரவில்லை. பாலே நடனம் கற்கும் லாரா என்ற திருநங்கைச் சிறுமியின் கதை. கான் விழாவில் முதல் படத்துக்கான கேமெரா தோர் விருது பெற்றது, அவளாக நடித்த விக்தோர் போல்ஸ்டரும் விருது வாங்கினார். ஆனால் படம் திரும்பத் திரும்ப அவள் உடம்பிடமே போய் நிற்கிறது, கடைசியில் ஒரு சுயவதைக் காட்சியையும் வைக்கிறது. திருநர் விமர்சகர்கள் பலர் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். கதைக்குத் தூண்டுதலாக இருந்த நடனக் கலைஞர் நோரா மொன்செகூர் படத்தின் பக்கம் நின்றார். இரு தரப்பையும் படித்த பிறகும் நான் விமர்சகர்கள் பக்கம்தான். லாரா என்ன நினைக்கிறாள் என்று அறிய அவள் உடம்பைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோல அந்தப் படம் நடந்துகொள்கிறது.

ஜோவாகிம் லஃபோஸின் 'அவர் சில்ட்ரன்' (Our Children, 2012) வேறு மாதிரி. பெல்ஜியத்தில் 2007இல் நடந்த ஒரு கொடூரமான குடும்பச் சம்பவத்தின் தூண்டுதலில் எழுதிய கதை. எமிலி தெகென்தான் மூரியேல். கணவன், அவனை வளர்த்த மருத்துவர், அடுத்தடுத்துப் பிறந்த நான்கு குழந்தைகள், ஒரே வீடு. மருத்துவரின் பணத்தில் வாழ்வதால் வாயைத் திறக்க முடியாத நிலை. ஒரு காட்சியில் காரை ஓட்டிக்கொண்டே ரேடியோவில் வரும் பாட்டைக் கூடவே பாடுகிறாள். பெண்களே உங்களை நேசிக்கிறேன் என்று உருகும் ழூலியேன் க்ளேரின் பாட்டு. கேமரா வெட்டாமல் அவள் முகத்தில் நிற்கிறது. பாடிக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைத்து, வாய் கோணி, அழுகை வெடிக்கிறது. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. தெகென் போன பிறகு இந்தக் காட்சியை மறுபடி பார்த்தேன். முழுதாகப் பார்க்க முடியவில்லை.

பெல்ஜிய சினிமா என்றாலே இருட்டுதான் என்று நினைத்துவிடாதீர்கள். யோலாந்த் மொரோ தானே எழுதி நடித்து இணைந்து இயக்கிய 'காந்த் லா மேர் மோந்த்' (2004) ஊர் ஊராகத் தனிநபர் நாடகம் போடும் நடுவயதுப் பெண்ணின் காதல் கதை. சிரிப்பும் உண்டு, பேச்சும் உண்டு. மரியோன் ஹேன்செல் 1985இலேயே 'டஸ்ட்' படத்துக்காக வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது வாங்கியவர். அவரைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும், அதற்குத் தனிப் பதிவே தேவைப்படும்.

அடுத்து எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் டெல்ஃபின் ஜிரார்டின் 'எ சிஸ்டர்' (2018). 16 நிமிடக் குறும்படம், ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இரவு நேரம், ஓடும் கார், பக்கத்தில் ஓர் ஆண். ஒரு பெண் அக்காவிடம் பேசுவதுபோல அவசர உதவி எண்ணை அழைக்கிறாள். மறுமுனையில் இருக்கும் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேள்வி கேட்கிறாள். நேராகப் பேசினால் உயிர் போகும். அதனால் பேச்சையே மறைவிடமாக்கிக்கொள்கிறார்கள் இருவரும். அங்கே ஒரு குரலைக் கேட்கத் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறாள், அதனால்தான் அவளுக்கு வழி பிறக்கிறது. ஜிரார்ட் அந்த இரவிலிருந்தே தொடங்கி 2023இல் 'கித்தே லா நுயி' என்ற முழுநீளப் படத்தை எடுத்தார். போலீஸ், வழக்கு, வருடக்கணக்கான காத்திருப்பு என்று அந்தப் பெண் அதே இரவை மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருப்பதைக் காட்டும் படம்.

அதற்கப்புறம் 'பிளேகிரவுண்ட்', பிறகு 'டூ டேஸ், ஒன் நைட்'. 'ழான் தீல்மா'னை இன்னொரு முறை, இடையில் நிறுத்தாமல், போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு வரும் இடத்தில் என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள். 'டால்வா', 'வென் இட் மெல்ட்ஸ்' இரண்டிலும் சிறார் மீதான பாலியல் கொடுமை கதையின் மையத்திலேயே இருக்கிறது. 'அவர் சில்ட்ரன்' குழந்தைகளின் மரணத்தைப் பற்றியது. வீட்டில் யாரோடு சேர்ந்து பார்க்கிறீர்கள் என்பதை யோசித்துக்கொண்டு அவற்றைத் தொடங்குங்கள்.

பெண்கள் தாராளமாகப் பேசும் படம் வேண்டுமென்றால் தார்தென்களின் 'யங் மதர்ஸ்' (2025) இருக்கிறது. லியேஜ் பக்கம், பதின்வயதுத் தாய்மார்களுக்கான ஒரு காப்பகம். இத்தனை வருடமாக ஒற்றை முகத்தின் பின்னாலேயே ஓடிய சகோதரர்கள் இதில் பல பெண்களின் கதையை ஒன்றாகச் சொல்கிறார்கள். கான் விழாவில் சிறந்த திரைக்கதை விருது கிடைத்தது. குழந்தையை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா, தன்னைக் கைவிட்ட அம்மாவைத் தேடிப் போவதா என்று அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சமைக்கிறார்கள். ரொசெட்டாவைப் பார்த்த கையோடு இதைப் பாருங்கள்.